புட்டில் எத்தனை கிராம்? செயற்கைச் சதையியும் எங்கள் சமையலறையும்

ஊரில் ‘சலரோகம்’ என்று சொல்லிவந்த நீரிழிவு விரி, மனுரேவாப் பக்கத்திலுள்ள எமது குடும்பங்களுக்குப் புதிதல்ல. பெரும்பாலானோருக்கு இருப்பது இரண்டாம் வகை. ஆனால் எமது பிள்ளைகளில் சிலருக்கு முதலாம் வகை வருகிறது. சதையியில், அதாவது கணையத்தில், இன்சுலின் சுரக்கும் கலங்கள் அழிந்துபோவதால் அவர்கள் வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றியே வாழவேண்டும். வருங்காலக் கனவு என்று நாம் நினைத்திருந்த செயற்கைச் சதையி இன்று அவர்களின் கைக்கு வந்துவிட்டது.

கையில் ஒட்டும் சிறு சென்சர் தோலுக்கடியிலுள்ள திரவத்தில் சீனியின் அளவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்க்கிறது. இடுப்பில் இன்சுலின் பம்ப். இரண்டுக்கும் நடுவே ஒரு கணினி நிரல், சீனி ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே கணித்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்கிறது. நித்திரையிலும் இந்த வேலை நடக்கும். இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் பிள்ளையின் விரலில் குத்திய தாய்மாருக்கு இதன் அருமை தெரியும்.

நியூசிலாந்தில் 97 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. இம்முறையைப் பாவித்தோரின் சீனி, சாதாரண சென்சரும் பம்பும் பாவித்தோரை விட, நாளொன்றுக்கு 3 மணி 21 நிமிடம் கூடுதலாக இலக்குக்குள் (3.9 முதல் 10 வரை) நின்றது. 2024 அக்டோபர் 1 முதல் ஃபார்மாக், முதலாம் வகையினருக்கு இவற்றுக்கான செலவை ஏற்றது. இரண்டாம் வகையினரை அந்த முடிவு சேர்க்கவில்லை. அவர்களும் சென்சரைச் சொந்தக் காசில் இரண்டு வாரம் ஒட்டிப் பார்க்கலாம். சோறு செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியும். அதற்காகக் கண், பாதம், சிறுநீரகப் பரிசோதனைகளை விட்டுவிடக்கூடாது.

‘முழுதாகக் குணமாகும் மருந்து வரட்டும்’ என்று காத்திருப்போரும் உண்டு. எமது அயலிலுள்ள மிடில்மோர் வைத்தியசாலையில் 2009இல் பன்றியின் சதையிக் கலங்களை மனிதரில் வைத்துப் பரிசோதித்தார்கள். 2025இல் வெளியான வேறோர் ஆய்வில் மூலக்கலங்களிலிருந்து உருவாக்கிய சதையிக் கலங்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டின் பின் இன்சுலின் இன்றி இருந்தார்கள். ஆனால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து எடுக்கவேண்டும். ஆகவே காத்திருக்காதீர்கள்.

சிக்கல் எங்கள் சமையலறையில்தான். இந்த இயந்திரம் சாப்பாட்டைத் தானாக அறியாது. எத்தனை கிராம் மாச்சத்து என்று கேட்கும். ‘ஒரு கோப்பை புட்டு’ என்ற பதில் அதற்கு விளங்காது. வழி இருக்கிறது. மா பக்கற்றில் 100 கிராமுக்கு 80 கிராம் மாச்சத்து என்றிருந்தால், 400 கிராம் மாவில் 320 கிராம். அவித்த புட்டு முழுவதையும் நிறுங்கள். அது 800 கிராம் என்றால், 100 கிராம் புட்டில் 40. பிள்ளை 150 கிராம் சாப்பிட்டால் 60. தேங்காய்ப்பூவில் மாச்சத்துச் சொற்பம். ஆனால் அதன் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்தால் அது வேறு கணக்கு! இடியப்பத்துக்கும் இதே முறைதான். வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம்.

சென்சர் பூட்டிய கையை அழுத்திப் படுத்தால் சீனி இறங்கியதாகப் பொய் காட்டும். உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் பொருந்தாவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள். பம்பில் இருப்பது விரைவாகச் செயற்படும் இன்சுலின் மட்டுமே. குழாய் அடைபட்டால் சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறிவிடும். அப்போது வரும் வாந்தியையும் வயிற்றுவலியையும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி இஞ்சித் தேநீர் கொடுத்து நேரத்தைப் போக்கவேண்டாம். கீட்டோன் பாருங்கள்; கூடியிருந்தால் கிளினிக்கில் சொல்லித் தந்தபடி பேனாவால் இன்சுலின் ஏற்றி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் இன்சுலின் பேனா, கீட்டோன் பட்டிகள், மேலதிக சென்சர், குழாய்கள், வைத்தியரின் கடிதம் எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போடவேண்டாம். விமானத்தின் அடிப்பகுதியில் இன்சுலின் உறைந்து பழுதாகலாம்.