பழைய லேண்ட் மாஸ்டர் வாங்கும் முன்

மரக்கறி போடும் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து, சீட்டுப் பணத்தில் பழைய லேண்ட் மாஸ்டர் ஒன்று வாங்க யோசிப்பது நல்லதுதான். ஆனால் புதுப் பெயின்ட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது.

பார்க்கக் காலையிலேயே போவோம். இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டால் சூடாக இருந்தால், நாம் வருமுன்பே யாரோ பாடுபட்டு ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கலாம். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பேசாமல் வீட்டுக்குத் திரும்புவதே லாபம்.

நம்ம மலைக்கு இஞ்சினை விட பிரேக்தான் முக்கியம். சமதரையில் இடது கைப்பிடியின் ஸ்டியரிங் கிளச்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும் இறக்கத்திலோ, அந்தச் சக்கரம் இஞ்சின் பிடியை விட்டு வேகமாக உருளும். வண்டி வலப்பக்கம் போகும். பழகாதவர் பள்ளத்தில் விழுவது இப்படித்தான். ஆகவே இறக்கத்தில் சின்ன கியர் போட்டு, சுமையோடு ஓட்டிக் காட்டச் சொல்லுவோம். டிரெய்லர் பிரேக் நிற்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம். (டிரெய்லரில் பிள்ளைகளை ஏற்றுவதைக் கண்டால் நாங்கள் சண்டைதான் பிடிப்போம்!)

பிறகு புத்தகம். இஞ்சின் நம்பர், செசி நம்பர் இரண்டும் வண்டியில் உள்ளதோடு சரியா? லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அதை நீக்கித் தரும்வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். வண்டியை யார் பெயரில் எழுதுவது, உடைந்தால் யார் செலவு என்பதையும் முன்கூட்டியே பேசி, எல்லோரும் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.