பதினான்கு நாளைக் கடந்த மஞ்சள்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை தோன்றுகிறது. பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் அது தானாகவே மறைந்துவிடும். 'பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது இயல்புதான்' என்று பாட்டி சொல்வதும் மருத்துவர் சொல்வதும் பொய்யல்ல. ஆனால், ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு அந்த உண்மையே எமனாகிவிடுகிறது.

அக்குழந்தைக்கு இருப்பது பித்தநாள அடைப்பு. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் நாளங்கள் அழற்சியால் தழும்பேறி அடைபட்டுப்போகின்றன. வெளியேற வழியற்ற பித்தநீர் கல்லீரலிலேயே தேங்கி அதைச் சிதைக்கிறது. சிகிச்சை இல்லையெனில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. நோயின் மூலகாரணம் இன்றும் முழுமையாகப் புலப்படவில்லை. தாய் உண்ட உணவுக்கோ கிரகணத்துக்கோ இதில் பங்கில்லை.

1950-களில் ஜப்பானின் செண்டாய் நகர அறுவை சிகிச்சை நிபுணர் மோரியோ கசாய் இதற்கொரு வழி கண்டார். கெட்டுப்போன நாளங்களை அகற்றிவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை நேராகக் கல்லீரலின் வாயிலோடு இணைப்பதே அது. குழந்தை பிறந்து 60 நாள்களுக்குள் செய்தால் பித்தநீர் மீண்டும் ஓடும் வாய்ப்பு மிகுதி. மூன்று மாதம் கடந்துவிட்டால் அவ்வாய்ப்பு வெகுவாகச் சுருங்குகிறது.

நான் மருத்துவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். வழி தெரிந்தும், கருவி இருந்தும், தகவல் உரிய நாளில் உரியவரிடம் சேராமையால் நேரும் இழப்பு என்பதால்தான் இந்நோய் என் கவனத்தை ஈர்த்தது.

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்வோம். திருச்சுழி ஒன்றியத்து மானாவாரிக் கிராமமொன்றில் வாழ்க்கைப்பட்ட பெண், பிரசவத்துக்கு அருப்புக்கோட்டையிலுள்ள தாய்வீட்டுக்கு வருகிறாள். மூன்றாம் மாதம் கணவன் ஊருக்குத் திரும்புகிறாள். அவளைப் பதிவு செய்த செவிலியர் ஓரூரில், குழந்தை வேறூரில். நானறிந்த நெசவாளர் குடும்பமொன்றில் இப்படித்தான் நடந்தது. இரண்டு வாரமாகியும் மஞ்சள் போகவில்லை என்றதற்கு, சிறிய மருத்துவமனை ஒன்றில் இளவெயிலில் காட்டச் சொன்னார்கள். ஒன்றரை மாத ஊசிக்குப் போனபோது எடை சரியாக இருந்ததால் ஊசி போட்டு அனுப்பினார்கள். பிறகு கீழாநெல்லி, பிறகு மந்திரிப்பு. மதுரைக்குக் கொண்டுசென்றபோது நூறு நாள் கடந்து, கல்லீரல் இறுகியிருந்தது.

இதில் யாரும் அலட்சியமானவர் அல்லர். இந்நோயின் வஞ்சகமே அதுதான். தொடக்கத்தில் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும், எடை கூடும். காட்டிக்கொடுப்பவை துணிகள் மட்டுமே. பச்சிளங்குழந்தையின் சிறுநீர் நிறமற்றதாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை படிந்தால் அது எச்சரிக்கை. மலம் கடுகு மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கலாம். சுண்ணாம்பு போலவோ சாம்பல் போலவோ வெளுத்துவந்தால் பித்தநீர் குடலை எட்டவில்லை என்று பொருள். சில வாரங்களில் படிப்படியாக வெளுப்பதும் உண்டு. ஒருநாள் பார்த்துவிட்டு அமைதியடைய முடியாது.

பதினான்கு நாளைக் கடந்தும் மஞ்சள் நீடித்தால் ஒரு இரத்தப் பரிசோதனை தேவை. பிலிரூபினின் மொத்த அளவை மட்டும் பார்த்தால் போதாது; 'நேரடி பிலிரூபின்' எவ்வளவு என்று தனியே கேட்க வேண்டும். அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் காத்திருக்கலாகாது. தாய்ப்பாலால் நீடிக்கும் மஞ்சளில் இந்த அளவு உயர்வதில்லை. மலமும் மஞ்சளாகவே இருக்கும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்துவதும் தவறு.

தைவான் இதற்குக் கண்ட தீர்வு ஓர் அட்டை. மலத்தின் நிறங்களை அச்சிட்டு, ஒப்பிட்டுப் பார்க்கும்படி குழந்தை நலக் கையேட்டிலேயே சேர்த்து, 2004-இல் நாடு முழுவதும் வழங்கியது. 60 நாள்களுக்குள் அறுவை சிகிச்சை பெறுவோர் பாதியளவிலிருந்து மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தனர். ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் விகிதம் 56-இலிருந்து 89 விழுக்காடானது. என் துறையில் இவ்வளவு மலிவான முதலீடு இவ்வளவு பெரிய பயன் தந்ததற்கு உதாரணம் தேடினால் எளிதில் கிடைக்காது. 2012-இல் ஜப்பானும் தன் தாய்சேய் கையேட்டில் இத்தகைய அட்டையைச் சேர்த்தது.

காலம் தவறினால் எஞ்சுவது கல்லீரல் மாற்று. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று, 1998 நவம்பரில் தில்லியில், இதே நோயால் வாடிய காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத்தான் நடந்தது. தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்தார். அக்குழந்தை இன்று மருத்துவர். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், வாழ்நாள் முழுவதும் மருந்து, கொடையாளிக்கும் அறுவை, மாதக்கணக்கில் தறி நின்றுபோகும் வீடு ஆகியவற்றைக் காப்பீடு முழுதும் ஈடுசெய்யாது.

நம்மிடம் ஏற்பாடு இல்லாமல் இல்லை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையைத் தேசியத் திட்டப்படி 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டிலேயே சென்று பார்க்க வேண்டும். ஆறாவது வாரத்தில் தடுப்பூசி. எல்லாமே 60 நாளுக்குள் அடங்குகின்றன. முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்ற விருதுநகர், நிற அட்டையைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம். கையேட்டில் அந்த அட்டையோடு, தாய்வீட்டு ஊரின் செவிலியர் பெயரை எழுத ஒரு கட்டமும், ஊசி நாளன்று 'மலம் என்ன நிறம்?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ள இன்னொரு கட்டமும் வேண்டும்.