கடலோர மனையும் பஞ்சமி நிலமும்: பத்திரம் சொல்லாத வரலாறு

மாமல்லபுரத்திலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ வீடு வாங்க முனையும் ஒருவர் வழக்கமாக இரண்டு எல்லைக்கோடுகளைப் பற்றி விசாரிப்பார். முதலாவது, கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கோடு. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இக்கட்டுப்பாடு நீள்கிறது. இரண்டாவது, தொல்லியல் துறையின் கோடு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி; அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இவ்விரண்டையும் மனை விற்பவரும் அறிவார், கடன் தரும் வங்கியும் அறியும். ஆனால் இதே மண்ணில் 130 ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்ட மூன்றாவது கோடு ஒன்றும் உண்டு. அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அதுதான் பஞ்சமி நிலம்.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ஜேம்ஸ் திரமென்கீர், அம்மாவட்டத்தில் பறையர் மக்கள் நிலமற்றோராய், பண்ணையடிமைகளாய் வைக்கப்பட்டிருந்த நிலையை விவரித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நிலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. இந்த ஒப்படைகளுக்கு நிபந்தனைகள் இருந்தன. முதல் பத்தாண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். வாங்கியவருக்கு இழப்பீடு கிடையாது. வருவாய் வாரிய நிலையாணை 15இன் கீழ் பின்னாளில் வழங்கப்பட்ட நிபந்தனை ஒப்படைகளும் இதே தன்மையுடையவை.

அப்படியிருந்தும் இந்நிலங்கள் கைமாறியது எவ்வாறு? சிறு கடனுக்கு ஈடாக நிலம் ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளரிடம் சென்றது. எழுதப் படிக்கத் தெரியாதவரின் கைந்நாட்டு கிரயமாக மாறியது. அடுத்து பவர் பத்திரம் வந்தது. அதற்கடுத்து மனைப்பிரிவு வந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அனுபவத்தில் இருந்தவரின் பெயரே பல இடங்களில் பட்டாதாரராகப் பதிவாயிற்று. பழைய வகைப்பாடு மறைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவடைந்து நிலமதிப்பு உயர்ந்தபோது, மறைந்துபோன அந்த ஒரு சொல் கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஈடாயிற்று.

இவ்வட்டாரத்தின் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டதும் இப்பின்னணியில்தான். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். கடற்கரை நகரின் மனை விலையைப் பற்றிப் பேசும்போது இவ்விரு உயிர்களின் விலையையும் சேர்த்தே பேச வேண்டும்.

இன்று மனை வாங்குவோர், "பதிவு ஆகிவிட்டது, பட்டா இருக்கிறது, வங்கியே கடன் தந்துவிட்டது" என்று நம்பிக்கை கொள்கின்றனர். இந்த நம்பிக்கைக்குச் சட்ட அடிப்படை மெலிந்தது. சார்பதிவாளர் பதிவு செய்வது ஆவணத்தையே. விற்பவருக்கு உரிமை உண்டு என்று அவர் சான்றளிப்பதில்லை. தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரம் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாளருக்கு இல்லை என்று தெளிவுபடுத்தியது. வங்கி வழக்கறிஞர் பெரும்பாலும் முப்பது ஆண்டு வில்லங்கத்தைப் பார்த்து முடித்துக்கொள்கிறார். ஒப்படையோ அதற்கும் முற்பட்டது.

எனவே வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா ஆகியவற்றோடு நிறுத்தாமல் அ-பதிவேட்டையும் நிலவரித் திட்டக் காலத்துப் பழைய பதிவேட்டையும் பார்க்க வேண்டும். அவற்றில் "டி.சி. நிலம்", "நிபந்தனை ஒப்படை" போன்ற குறிப்புகள் இருந்தால் அது எச்சரிக்கை. முதல் பட்டாதாரர் யார், அவர் எவ்வகையில் நிலம் பெற்றார் என்பதை மூலப்பத்திரம் வரை பின்னோக்கிச் சென்று அறிய வேண்டும். பட்டியல் சாதியினர் இத்தகைய நிலத்தை வாங்கத் தடை இல்லை. ஆனால் இடையில் பிறர் கைக்குப் போய்த் திரும்பிய நிலமா என்பதை அவர்களும் ஆராய வேண்டும்.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது? கர்நாடகத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கிய நிலங்களைப் பாதுகாக்க 1978இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நிபந்தனையை மீறி வாங்கியவருக்குக் கிடைப்பது ரத்து செய்யத்தக்க உரிமை மட்டுமே என்றது. தமிழ்நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. அரசாணையையும் நிலையாணையையும் கொண்டே போராட வேண்டியுள்ளது. பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த நிலத்தை ஆவணம் திரித்தோ மிரட்டியோ கைப்பற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஃப்) இன்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

நிலத்தைக் கைப்பற்றியவர் விற்றுப் பணத்துடன் விலகிவிடுகிறார். நிலத்தை இழந்த குடும்பமும், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கிய குடும்பமும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கின்றன. பதிவேட்டைத் திறந்துவைத்தால் இந்த அநீதியைப் பெருமளவு தவிர்க்கலாம். பஞ்சமி நிலங்களின் சர்வே எண்களை ஊர்வாரியாக வெளியிடுவதும், இணையப் பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் அவ்வகைப்பாட்டைக் காட்டுவதும் அரசின் கடமை. அதுவரை கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். அ-பதிவேட்டை இணையத்தில் பார்க்கலாம். பழைய பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்கலாம். இரண்டையும் ஒப்பிட்டு, எந்தச் சர்வே எண்ணில் வகைப்பாடு மாறியது என்று குறித்துவைத்தால், மீட்பு மனுவின் முதல் பக்கம் ஆயத்தமாகிவிடும்.