விண்டோஸை நீக்கும் முன் 'டி டிரைவை'க் கவனிங்க!

ஏழெட்டு வருடங்களுக்கு முன் வாங்கிய லேப்டாப். கீபோர்டு, திரை எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். 'புதுசா வாங்கிடுங்க' என்பார் கடைக்காரர்.

அதற்கு முன் லினக்ஸ் மின்ட்டை முயன்று பார்க்கலாம். இலவசம்தான். 4 ஜி.பி ரேம் போதும். காலி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை இயக்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு எதுவும் ஆகாது. வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா எனப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கடைக் கணக்கை டாலியில் எழுதுபவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். அது விண்டோஸுக்கென உருவானது.

பிடித்துப்போய் இன்ஸ்டால் செய்யும்போதுதான் ஆபத்து. 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு வரி வரும். அதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால், விண்டோஸோடு கல்யாண ஆல்பமும் குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவும் சேர்ந்தே போய்விடும். 'எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு' என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பல லேப்டாப்களில் சி, டி இரண்டும் தனித்தனி டிஸ்க் அல்ல. ஒரே வீட்டில் தடுப்பு வைத்த இரண்டு அறைகள்தான். இடிப்பது மொத்த வீட்டையும்!

எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலு போட்டோவையாவது திறந்து பார்த்த பிறகு இன்ஸ்டால் பட்டனை அழுத்துங்கள்.