மதகுகளின் காங்க்ரீட்டில் நுண்ணிய வெடிப்புகள்

கொள்ளிடத்தின் தலைப்பில் 1836-ம் ஆண்டு ஆர்தர் காட்டன் துரை அமைத்த மேலணையில், 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி இரவு ஒன்பது கண்கள் வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன. மொத்தக் கண்கள் 45. காவிரிக்கு உரிய தண்ணீர் கொள்ளிடத்தில் வீணே இறங்காதபடி காப்பது அவ்வணையே யாகையால், தஞ்சை மிராசுதாரர் அனைவரையும் இச்செய்தி கலங்கச் செய்தது.

மேலணை காங்க்ரீட்டுக்கு முந்திய காலத்துக் கட்டுமானம். இக்காலத்து மதகுகளோ பெரும்பாலும் இரும்புக் கம்பி பொதிந்த சிமெண்டுக் காங்க்ரீட்டால் ஆனவை. இவற்றில் மயிரிழை போன்ற வெடிப்பு வழியே நீர் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் காங்க்ரீட்டைப் பிளக்கும். ஈரத்தில் நிற்கும் பாகங்களில் வெடிப்பின் அகலம் 0.2 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாதென்பது 2000-ம் ஆண்டின் இந்தியத் தரவிதி 456.

கண்ணுக்குப் புலனாகாத வெடிப்பையும் லேசர் ஒளி காட்டிவிடுகிறது. ஒரே நிறமும் ஒழுங்கான அலைகளும் உடைய இவ்வொளி சொரசொரப்பான காங்க்ரீட்டின்மேல் விழும்போது, மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். அதனைப் படமெடுத்து, கட்டடத்தின்மேல் சிறிது பாரம் ஏற்றியோ சூடு காட்டியோ மறுபடியும் படமெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டால் கருப்பும் வெளுப்புமான வரிகள் உண்டாகும். பழுதற்ற இடத்தில் வரிகள் வளைந்து சீராய் ஓடும். வெடிப்புள்ள இடத்தில் முறிந்து நிற்கும். சாதாரணச் சிவப்பு லேசரில் ஒரு வரி என்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு அசைவைக் குறிக்கும். இத்தனை நுட்பமே இதற்கு இடையூறும் ஆகிறது. பாலத்தின்மேல் ஒரு லாரி சென்றாலும் வரிகள் கலைந்துவிடும். அன்றியும், வெடிப்பின் ஆழத்தை இது நேரே அளப்பதில்லை.

லேசர் பார்ப்பது அசைவையே. அதனைக் கிராமத்தாரும் தம்மளவில் பார்க்கலாம். மேட்டூரணை வழக்கமாக மூடப்படும் ஜனவரி 28-க்கும் திறக்கப்படும் ஜூன் 12-க்கும் இடைப்பட்ட காலமே இதற்குத் தக்கது. மதகுச் சுவரைப் பாசி போகத் தேய்த்து நீர் தெளித்து உலரவிட்டால், மற்ற இடம் வெளுத்த பின்னும் வெடிப்பு மட்டும் கறுத்த கோடாய்த் தெரியும். அதன் இரு முனைகளிலும் குறியிட்டுத் தேதி எழுதுக. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இருபுறமும் சிமெண்டு வைத்துப் பதித்து, மாதம் ஒருமுறை பார்த்து வருக. கண்ணாடி உடைந்தாலும், வெடிப்பு குறியைத் தாண்டி நீண்டாலும், கிராம நிர்வாக அலுவலர் மூலம் நீர்வளத்துறைப் பொறியாளருக்கு, தண்ணீர் வருமுன் எழுத்து மூலமாகத் தெரிவித்தல் வேண்டும்.