பேரனின் அச்சமும் பெரியாழ்வாரின் அச்சமும்

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் அமைந்தது ஆமத்தூர். அவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தாயும் தந்தையும் காலையில் பட்டாசு ஆலைக்குப் புறப்பட்டுவிட்டால், பல இல்லங்களில் குழந்தைகள் தாத்தா பாட்டியின் பொறுப்பிலேயே இருக்கின்றனர். பள்ளிக்கு அனுப்புவோரும், மாலையில் கோயிலுக்கு அழைத்துச் சென்று நெற்றியில் திருநீறு இடுவோரும் அவர்களே. ஆகவே தன் மனத்தில் எழுவது இன்னதென்று குழந்தை அறிவதும் பெரும்பாலும் அம்முதியோரின் வாய்ச்சொல் கொண்டே ஆகும்.

சிறு குழந்தைக்கு உணர்ச்சி உண்டு; அதற்குரிய சொல் இல்லை. அதனால்தான் அச்சம் 'வயிற்றுவலி' என்ற பெயரில் வெளிவருகிறது. தாய் வேனில் ஏறும் வேளையில் மட்டும் வந்து, அவள் திரும்பியதும் மறைந்துவிடும் வலியாயின், ஓமத் தண்ணீரோடு வேறொன்றும் அக்குழந்தைக்குத் தேவைப்படுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இப்பகுதி முதியோர் மறக்கவில்லை. தொலைவில் ஓசை கேட்டால் அவர்கள் பேச்சை நிறுத்திச் செவி சாய்க்கின்றனர். அந்த ஒரு கண மௌனத்தைக் குழந்தை கவனிக்கிறது. காரணம் மட்டும் அதற்குத் தெரிவதில்லை.

"சாமி இருக்கும்போது என்ன பயம்?" என்று அப்போது பெரியோர் கேட்பது அன்பினால்தான். ஆனால் பயப்படுவதே தெய்வத்துக்குச் செய்யும் குற்றமோ என்று குழந்தை எண்ணிவிடக்கூடும். பிறகு அது பயத்தை விடுவதில்லை, மறைக்கிறது.

இதே மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துத் தொண்டு செய்த பெரியாழ்வாரின் வரலாறு இங்கே நினைவுகூரத் தக்கது. வல்லபதேவ பாண்டியனின் அவையில் பொற்கிழி பெற்ற அவரை யானைமீது ஏற்றி மன்னன் மதுரையில் உலா வரச் செய்தான். அக்காட்சியைக் காண எம்பெருமானே கருடன்மேல் எழுந்தருளினான். ஆழ்வாருக்கு முதலில் எழுந்தது அச்சம். இவ்வழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு பல்லாண்டு பாடினார். பரம்பொருள் கண்முன்னே நிற்கையிலேயே அஞ்சியவரை நம்பிக்கை குறைந்தவர் என்று எவரும் கூறியதில்லை. அஞ்சினார், அஞ்சியதை அறிந்தார், அதையே வேண்டுதலாக்கினார். பேரனுக்கும் அவ்வரிசையே பொருந்தும். பெயர் முன்னே, பிரார்த்தனை பின்னே.

பாகவதத்தில் யசோதை செய்வதும் இதுவே. தயிர்ப்பானையை உடைத்த கண்ணனைக் கோலோடு துரத்திப் பிடிக்கிறாள். மை கரைய அவன் விழிக்கும் விழியில் அச்சத்தைக் கண்டவுடன் கோலை எறிந்துவிடுகிறாள். கண்டிப்பை அவள் கைவிடவில்லை. உரலில் கட்டத்தான் செய்கிறாள். ஆயினும் குழந்தை அஞ்சுகிறது என்று முதலில் தெரிந்துகொண்டாள்.

தமிழுக்கு இது புதிய கல்வியன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைப் பெயரிட்டு, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்றும் கூறுகிறது. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கு காரணங்கள். வெடியோசை அதில் இல்லை. அந்நாளில் வெடிமருந்தே இல்லையே! அச்சத்தையும் பெருமிதத்தையும் அந்நூல் ஒரே நிரையில் வைத்திருப்பது சிந்திக்கத் தக்கது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லிபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அருகில் வருகிறது. அச்சமோ சினமோ தோன்றும் முகப்படங்களைக் கண்ட பெரியவர்கள் அவ்வுணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதியின் துடிப்பு தணிந்திருந்தது.

இல்லத்தில் இதைச் செய்யப் பெரிய முயற்சி வேண்டியதில்லை. "என்னய்யா, அம்மா போனதும் மனசு பதறுதா? அதுக்குப் பேரு பயம். அப்பத்தாவுக்கும் வரும்" என்றால் போதும். சொல் பொருந்தாவிடில் குழந்தையே தலையசைத்து மறுக்கும். அப்போது அது ஏக்கமாக இருக்கலாம். தம்பி பிறந்த வீட்டில் பொறாமையாக இருக்கலாம். பொம்மையை வீசி எறிவது சினமன்றி வெட்கமாகவும் இருக்கலாம். சிவகாசி பத்திரகாளி அம்மன் சன்னிதியில் குழந்தை தாத்தாவின் வேட்டிக்குப் பின் ஒளிந்தால் சிரிக்காமல், "அம்மன் முகத்தைப் பார்த்தா பயமா இருக்கா?" என்று கேட்கலாம். கதை சொல்லும் இரவுகளில், "கட்டிப்போட்டப்ப கண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்ற கேள்வி இன்னும் எளிது. தன்னைப் பற்றிச் சொல்லத் தயங்கும் குழந்தை கண்ணனைப் பற்றித் தயங்காமல் சொல்லும்.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்ற உறுதிமொழியைத் தருவதற்கு முன் பெரியோர் சற்று நிதானிப்பது நல்லது. அது மனிதர் கையில் இல்லை. "சாயங்காலம் வேன் வரும். அதுவரைக்கும் நான் உன்கூடவே இருக்கேன். ரெண்டு பேரும் அம்மாவுக்காகச் சாமி கும்பிடுவோம்" என்பது காப்பாற்றக்கூடிய சொல்.

விபத்தை நேரில் கண்டோ, உறவினரை இழந்தோ, வாரக்கணக்கில் உறங்காமலும் உண்ணாமலும் இருக்கும் குழந்தைக்குத் திருநீறு இடுவதோடு மருத்துவரையும் காட்டுதல் வேண்டும். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. வெளியே செல்ல இயலாத முதியோர், மனநல ஆலோசனைக்கென இரவும் பகலும் கட்டணமின்றி இயங்கும் 14416 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.