உயில் எழுத முதுமை வரை காத்திருக்க வேண்டாம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை பகுதிப் பள்ளிகளில் நம்மிடம் படிக்கும் பல குழந்தைகளின் அம்மாக்கள் காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் மனை வாங்குகிறார்கள், சீட்டு கட்டுகிறார்கள், நகை சேர்க்கிறார்கள். இதெல்லாம் தங்களுக்குப் பின் தாம் விரும்பியவருக்கே போகும் என்று நம்புகிறார்கள். சட்டம் எப்போதும் அப்படிச் சொல்வதில்லை.

உச்ச நீதிமன்றம் 2009-இல் முடித்துவைத்த ஒரு வழக்கைப் பாருங்கள். திருமணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்த பெண் அவர். புகுந்த வீட்டார் வெளியேற்றிவிட, பெற்றோர் படிக்க வைத்தனர். வேலைக்குச் சென்று வங்கியிலும் வைப்பு நிதியிலும் பணம் சேர்த்தார். குழந்தை இல்லை. உயில் எழுதாமலேயே 1996-இல் இறந்தார். பெற்ற தாய் உரிமை கோரினார். ஆனால் பணம் கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது.

காரணம், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. உயில் இல்லாமல் இறக்கும் பெண்ணின் சுயசம்பாத்தியம் முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சேரும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றோர் அதற்கும் பிறகுதான். ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

நம் ஊர்களில் மூன்று சமயத்தாரும் அருகருகே வாழ்கிறோம். வாரிசுரிமைச் சட்டங்கள் வேறுவேறு. இந்து ஆண் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. கிறித்தவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம்கள், கடனும் இறுதிச் சடங்குச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயில் எழுதலாம். அதைத் தாண்டினாலோ, வாரிசு ஒருவருக்கே எழுதினாலோ மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை.

உயில் எழுதுவது கடினமல்ல. 18 வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் இருந்தால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம். எழுதியவர் கையொப்பமிட, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் பிற்காலத்தில் தகராறு குறையும். மனம் மாறினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம்.

'நாமினி போட்டாயிற்றே' என்று சிலர் சொல்வார்கள். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கே. அதேசமயம் நம் குடும்ப ஓய்வூதியத்தை உயிலால் யாருக்கும் மாற்றித்தர முடியாது. அது விதிகள் சொல்லும் குடும்பத்தினருக்கே. ஆகவே உயில், நாமினி, பணிப்பதிவேட்டில் உள்ள குடும்ப விவரம் ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும். திருமணம், குழந்தைப் பிறப்பு, துணையின் இறப்பு என ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மீண்டும் பார்க்க வேண்டும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களும் தொழிலாளர்களும் இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். அதற்கு முன் நம் வீட்டு உயிலை எழுதிவிடுவோம்.